கௌசானிக்குப் போகிறீர்களா? மூன்று விடியல்களை ஒதுக்குங்கள்

உத்தராகண்டின் குமாவோன் பகுதியில், பாகேஸ்வர் மாவட்டத்தில், ஒரு மலைமுகட்டின் மேல் இருக்கும் சின்ன ஊர் கௌசானி. உயரம் சுமார் 1890 மீட்டர், ஊட்டியைவிடக் குறைவுதான். கடைத்தெருவை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்து முடிக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் வடக்கே திரும்பி நின்றால் இமயத்தின் பனிமுகடுகள் இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை ஒரே வரிசையில் நிற்கும். நடுவே மறைக்க ஒரு மலைகூட இல்லை. கீழே பள்ளத்தாக்கு, எதிரே பனி, அவ்வளவுதான்.

நைனிதாலுக்கு வருகிறவர்களில் பலர் இங்கே ஒரே ஒரு இரவு தங்கிவிட்டுப் போகிறார்கள். என் முதல் பயணமும் அப்படித்தான் அமைந்தது. சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன், மறுநாள் காலை மேகம் மூடியிருந்தது, பத்து மணிக்குக் கிளம்பிவிட்டேன். ஒரு முகடும் கண்ணில் படவில்லை. அடுத்த முறை மூன்று இரவு தங்கினேன். இரண்டு காலைகள் பொய்த்தன, மூன்றாவது காலையில் எல்லாமே தெரிந்தது. அதனால் இந்த வழிகாட்டியின் அடிப்படை ஒன்றுதான்: விடியற்காலைகளை மலைக்குக் கொடுங்கள், பகல்களைச் சுற்றுவட்டாரத்துக்குக் கொடுங்கள். மற்றதெல்லாம் இதையொட்டித் தானாக அமையும்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை மிகச் சிறந்த காலம். மழை அப்போதுதான் ஓய்ந்து காற்றிலிருந்த தூசியைக் கழுவிவிட்டிருக்கும், மலை துல்லியமாகத் தெரியும். மார்ச், ஏப்ரலில் காட்டுக்குள் புராஞ்ஷ் மரங்கள் சிவப்பாகப் பூத்து நிற்கும். பனிமுகடு தெரியும் நாட்கள் கொஞ்சம் குறையும் என்றாலும் அந்தப் பூவுக்காகவே போகலாம்.

நம் ஊர்க் குடும்பங்கள் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் வடக்கே கிளம்புகின்றன. கௌசானியைப் பொறுத்தவரை மே, ஜூன் சரிப்படாது. சமவெளியிலிருந்து புழுதி மேலேறி வந்து நிற்கும். பைன் மரங்கள் உதிர்த்த காய்ந்த ஊசி இலைகள் காட்டுத் தரையெங்கும் மெத்தைபோலக் கிடக்கும். உள்ளூரில் இதைப் பிரூல் என்கிறார்கள். ஒரு பொறி விழுந்தால் போதும், காடு பற்றிக்கொள்ளும். அந்தப் புகையும் சேர்ந்துகொண்டால் எதிர்மலைகூடத் தெரியாது. ஜூலை முதல் செப்டம்பர்வரை மழை, அடிக்கடி நிலச்சரிவு, சாலை அடைப்பு.

பள்ளிப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு நான் சொல்வது அரையாண்டு விடுமுறை. இரவில் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும், உண்மைதான். ஆனால் வெயில் ஏறியதும் மொட்டைமாடியில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்காரலாம், வானமும் பளிச்சென்று இருக்கும்.

போய்ச் சேருவது

ரயில் முடியும் இடம் காட்கோதாம். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் இரண்டு இரவுகள் கழித்துக் காலையில் புது தில்லி. அன்றிரவு ராணிகேத் எக்ஸ்பிரஸைப் பிடித்தால் மறுநாள் விடிகாலையில் காட்கோதாம். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த வண்டிக்குப் பழைய தில்லி நிலையத்துக்குப் போக வேண்டும், புது தில்லிக்கு அல்ல. விமானத்தில் தில்லி வந்து இறங்குகிறவர்களுக்குக் காலையில் கிளம்பும் காட்கோதாம் சதாப்தி இருக்கிறது. ஆனால் அது சேரும்போது நண்பகல் ஆகிவிடும், மலைப்பாதையின் கடைசிப் பகுதி இருட்டில் அமையும். அதனால் இரவு ரயிலே நல்லது.

காட்கோதாமிலிருந்து கௌசானி சுமார் 135 கிலோமீட்டர். வண்டி எடுத்தால் ஐந்து, ஆறு மணி நேரம். பவாலி, கைஞ்சி, கைர்னா, அல்மோரா, சோமேஸ்வர் வழியாகப் போகும். கைஞ்சியில் நீம் கரோலி பாபாவின் ஆசிரமம் சாலையோரத்திலேயே இருப்பதால் சனி, ஞாயிறுகளில் வண்டிகள் நின்றுவிடும். காலை எட்டு மணிக்குள் அதைத் தாண்டிவிடப் பாருங்கள். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பக்கத்திலுள்ள ஹல்த்வானிக்குப் போய், பகிர்வு ஜீப்பிலோ அரசுப் பேருந்திலோ அல்மோரா வந்து, அங்கே வண்டி மாறலாம். ஜீப் நிரம்பினால்தான் கிளம்பும், அதற்குப் பொறுமை வேண்டும்.

வளைவுகள் அதிகம். குமட்டல் வரும் உடம்பென்றால் மாத்திரையை ரயிலைவிட்டு இறங்குவதற்கு முன்பே போட்டுக்கொண்டு முன்சீட்டில் உட்காருங்கள். வழியில் பூரி வேண்டாம், ஒரு டீயும் பிஸ்கட்டும் போதும்.

சோமேஸ்வருக்கு முன்னும் பின்னும் கோசி ஆற்றங்கரையில் படிக்கட்டு வயல்கள் வரும். இது பீகாரில் வெள்ளம் கொண்டுவரும் கோசி அல்ல, வேறு ஆறு. கௌசானி முகடு ஒரு நீர்ப்பிரிமேடு. முகட்டின் தெற்கே விழும் மழை கோசியில் சேர்ந்து, கார்பெட் காட்டை ஒட்டி இறங்கி, ராமகங்கையில் கலக்கும். வடக்கே விழும் மழை கோமதி, சரயு வழியாக நேபாள எல்லைக் காளி ஆற்றுக்குப் போகும். இரண்டும் வெகுதூரம் சுற்றிக் கடைசியில் கங்கையில்தான் சேருகின்றன. கடைத்தெருவில் நின்று இருபக்கமும் பார்க்கும்போது இதை நினைத்துக்கொண்டால் ஊரே வேறு மாதிரித் தெரியும்.

அறை எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி

"வியூ ரூம் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் இருக்கிறது என்பார்கள். நான் முன்பணம் கட்டிய ஒரு விடுதியில் அந்த 'வியூ' தெற்கே பார்த்த பைன் மரங்களாக இருந்தது. "ஜன்னல் வடக்கே பார்த்ததா? அறையிலிருந்தே திரிசூல் தெரியுமா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அந்த ஜன்னலிலிருந்து எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அத்துடன் வெந்நீருக்கு கீசர் உண்டா, ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வை எத்தனை தருவார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

எளிமையாகத் தங்க விரும்பினால், காந்தி தங்கியிருந்த அனாசக்தி ஆசிரமத்திலேயே அறைகள் உண்டு. சைவச் சாப்பாடு, பிரார்த்தனை நேரம் என்ற ஒழுங்குக்கு உடன்பட வேண்டும். ஊரிலேயே நல்ல காட்சி அந்த முற்றத்திலிருந்துதான்.

விடியற்காலை

நவம்பர் நடுவில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ ஆறு முப்பத்தைந்துக்கு. மே மாதமென்றால் ஐந்தேகாலுக்கே உதித்துவிடும். எதுவானாலும் முக்கால் மணி நேரம் முன்பே வெளியே வந்துவிடுங்கள். வானம் சாம்பல் நிறத்திலிருக்கும்போது முகடுகள் வெறும் கோடாகத் தெரியும். பிறகு மிக உயரமான நுனியில் ஒரே ஒரு ஆரஞ்சுப் புள்ளி. பள்ளத்தாக்கு முழுக்க இருட்டு, நீங்கள் நிற்கும் இடமும் இருட்டு, அந்தப் புள்ளி மட்டும் எரியும். அப்புறம் பக்கத்து முனையில் இன்னொன்று. சில நிமிடங்களில் நிறம் கீழே வழிந்து இறங்கும், இளஞ்சிவப்பாகும், மஞ்சளாகும், முடிவில் சாதாரண வெள்ளையாகிவிடும். அந்த மூன்றாவது காலையில், ஆசிரம முற்றத்தில் எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். கல் தரை ஐஸாகக் குளிர்ந்துகொண்டிருந்தது. அவர் நகரவில்லை.

எதிரே எது எந்த முகடு என்று தெரிந்துகொண்டால் பார்ப்பது இன்னும் இனிக்கும். நேர் எதிரே மூன்று முனைகளோடு அகன்று நிற்பது திரிசூல், 7120 மீட்டர். 1907-இல் லாங்ஸ்டாஃப் என்பவரின் குழு இதில் ஏறியது. உலகில் 7000 மீட்டருக்கு மேற்பட்ட முகடு ஒன்றில் மனிதர்கள் ஏறி நின்றது அதுவே முதல் முறை என்று சொல்வார்கள். திரிசூலுக்கு இடப்புறம் நந்தா குண்டி. வலப்புறம், சற்றுப் பின்னால், கூர்மையாகத் தெரிவது நந்தாதேவி, 7816 மீட்டர். கஞ்சன்ஜங்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது உயரமான சிகரம் அது. தூரத்தில் இருப்பதால் திரிசூலைவிடச் சிறிதாகத் தோன்றும், ஏமாந்துவிடாதீர்கள். வலக்கோடியில் ஐந்து கூர்களாகப் பஞ்சசூலி. குமாவோன் மக்களுக்கு நந்தா வெறும் தெய்வம் அல்ல, வீட்டுப் பெண். அந்தப் பனிமலை அவள் புகுந்த வீடு. அவளைப் பிறந்த வீட்டிலிருந்து அழுதுகொண்டே வழியனுப்பும் பாட்டுகள் இங்கே உண்டு.

ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கின் காற்று சூடேறி மேலே கிளம்பும். அதிலுள்ள ஈரம் மேகமாகி முகடுகளை மூடிவிடும். அதனால்தான் நிதானமாக எழுந்து, குளித்து, டிபன் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களுக்கு மலை கிடைப்பதில்லை. காலையில் ஏமாந்தால் மாலையில் இன்னொரு வாய்ப்பு உண்டு. ஐந்து மணிவாக்கில் மேகம் கலைந்து, மேற்கு வெயில் திரிசூலின் முகத்தில் விழும்போது அது செம்பாகச் சிவக்கும். குளிர்காலத்தில் ஐந்தேகாலுக்கே பொழுது சாய்ந்துவிடும், மறக்க வேண்டாம்.

முதல் பகல்: ஊருக்குள் நடந்தே

வண்டி வேண்டாம். அனாசக்தி ஆசிரமத்திலிருந்து தொடங்குங்கள். 1929 ஜூனில் காந்தி ஓய்வுக்காக இங்கே வந்தார். அப்போது இது ஒரு தேயிலைத் தோட்ட முதலாளியின் விருந்தினர் மாளிகை. ஓரிரு நாளுக்கென்று வந்தவர் ஏறக்குறைய இரண்டு வாரம் தங்கிவிட்டார். கீதைக்குத் தாம் செய்த குஜராத்தி மொழிபெயர்ப்பான 'அனாசக்தி யோக'த்தின் முன்னுரையை இங்கேதான் எழுதி முடித்தார். அந்த நூல் வெளிவந்தது 1930 மார்ச் 12, தண்டி யாத்திரை கிளம்பிய அதே நாள். ஆசிரமத்தின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். உள்ளே அவர் வாழ்க்கையைச் சொல்லும் படங்கள் இருக்கின்றன. மாலைப் பிரார்த்தனைக்கு யாரும் போய் உட்காரலாம்.

இறங்கி வந்தால் கடைத்தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் சுமித்ரானந்தன் பந்த் பிறந்த வீடு. இப்போது சிறு அருங்காட்சியகம். 1900 மே 20-இல் பிறந்த இந்திக் கவிஞர். பிறந்த சில மணி நேரத்திலேயே தாயை இழந்த பிள்ளை. பிற்காலத்தில் ஞானபீட விருது பெற்றார், இந்தியில் அதை முதன்முதலில் பெற்றவர் இவரே. மலையையும் மரத்தையும் பேசிய அவர் கவிதைக்கு ஊற்று எது என்று கேட்க வேண்டியதில்லை, வாசலில் நின்று வடக்கே பார்த்தால் தெரிந்துவிடும்.

நேரம் இருந்தால் லட்சுமி ஆசிரமத்துக்கு நடங்கள், ஊரிலிருந்து சற்றுத் தள்ளிக் காட்டுக்குள் இருக்கிறது. லண்டனில் பிறந்த கேத்தரின் ஹெய்ல்மன், காந்தியின் வழியில் ஈர்க்கப்பட்டு இந்தியா வந்து சரளா பஹன் ஆனவர், மலைப் பெண்பிள்ளைகளுக்காக 1946-இல் தொடங்கிய பள்ளி அது. எழுத்தோடு நெசவும் விவசாயமும் மாடு வளர்ப்பும் அங்கே பாடம். பின்னாளில் மரங்களையும் மலையையும் காக்க நடந்த போராட்டங்களில் இந்த ஆசிரமத்துப் பெண்கள் முன்னால் நின்றார்கள். பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடம் என்பதால் அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

தேயிலைத் தோட்டம் என்று வண்டிக்காரர்கள் அழைப்பார்கள். வால்பாறையையும் மூணாறையும் பார்த்த கண்ணுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. பைஜ்நாத் போகும் வழியில்தான் இருக்கிறது, பத்து நிமிடம் நிறுத்தினால் போதும்.

இரண்டாம் பகல்: பைஜ்நாத், கோட் பிராமரி, பாகேஸ்வர்

காலை மலைக்காட்சி முடிந்ததும் கிளம்புங்கள். வடக்கே சுமார் 17 கிலோமீட்டர் இறங்கினால் கருட் பள்ளத்தாக்கு. குளிர் விட்டுவிடும், வயல்கள் விரியும், கோமதி ஆற்றின் கரையில் பைஜ்நாத் கோயில்கள். இணையத்தில் தேடும்போது இமாசலத்திலுள்ள பைஜ்நாத்தும் வரும், குழப்பிக்கொள்ளாதீர்கள். லக்னோ வழியாக ஓடும் கோமதியும் இது அல்ல.

இந்தப் பள்ளத்தாக்குக்குக் கத்யூர் என்று பெயர். குமாவோனை ஆண்ட கத்யூரி அரசர்களின் தலைநகரான கார்த்திகேயபுரம் இங்கே இருந்தது என்பது வரலாற்றாசிரியர்களின் கருத்து. முருகன் பெயரில் இமயத்தடியில் ஒரு தலைநகரம் என்று கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஆற்றங்கரையில் கல்லால் கட்டிய சிறு கோயில்கள் கூட்டமாக நிற்கின்றன. நம் கோயில்போல வாசலில் கோபுரம் கிடையாது, கருவறையின் தலைமேலேயே வளைந்து உயரும் சிகரம். பெரிய கோயிலின் சிகரம் எப்போதோ இடிந்துபோய், இப்போது தகட்டுக் கூரை போட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அதைக் கண்டு சாதாரணமாக நினைத்துவிடுகிறார்கள்.

உள்ளே போங்கள். கருவறையில் கருங்கல்லில் ஆளுயரப் பார்வதி நிற்கிறாள். விளக்கொளிக்குக் கண் பழகும்வரை அசையாமல் நில்லுங்கள். முதலில் முகம் தெரியும், பிறகு கழுத்தணி, அதற்கப்புறம்தான் அவளைச் சுற்றி நுணுக்கமாகச் செதுக்கிய குட்டித் தெய்வங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படும். வழவழப்பில் கல் ஈரமாக இருப்பதுபோலத் தோன்றும். நான் பார்த்த கத்யூரிச் சிற்பங்களில் இதற்கு இணையாக ஒன்றும் இல்லை. வெளியே வந்து படித்துறையில் உட்கார்ந்தால், தண்ணீரில் மகசீர் மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரியும். நம் காவிரியில் வாழும் மகசீரின் சொந்தம்தான். இங்கே மீன் பிடிக்கக் கூடாது. வாசலில் விற்கும் பொரிகடலையை வாங்கிப் போடலாம்.

அங்கிருந்து குவால்தம் சாலையில் சில கிலோமீட்டர் போனால் குன்றின் மேல் கோட் பிராமரி அம்மன் கோயில். கட்டடம் புதியது, ஆனால் அங்கிருந்து பள்ளத்தாக்கு முழுவதையும் பார்க்கலாம்.

பைஜ்நாத்திலிருந்து இன்னும் ஒரு மணி நேரத்துக்குள் பாகேஸ்வர். சரயுவும் கோமதியும் கூடும் இடம், கரையில் பாக்நாத் சிவன் கோயில். ஊர் நெரிசலானது, தங்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் கூடுதுறையில் கொஞ்ச நேரம் நின்றே ஆக வேண்டும். ஆங்கிலேய அதிகாரிகள் மலைக்கு வந்தால் அவர்கள் மூட்டைகளைக் கூலியில்லாமல் சுமக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பெயர்ப் பதிவேடு வைத்திருந்தார்கள். கூலி பேகார் என்பது அந்த வழக்கத்தின் பெயர். 1921 ஜனவரியில், உத்தராயணித் திருவிழாவுக்குத் திரண்ட மக்கள், பத்ரி தத் பாண்டே முதலிய தலைவர்கள் முன்னிற்க, அந்தப் பதிவேடுகளைக் கொண்டுவந்து இந்த ஆற்றில் வீசினார்கள். வழக்கம் அத்தோடு ஒழிந்தது. காந்தி இதை இரத்தம் சிந்தாத புரட்சி என்றார். 1929-இல் கௌசானியில் தங்கியிருந்தபோது பாகேஸ்வருக்கும் வந்து போனார்.

அந்த உத்தராயணி நம் பொங்கல் நாள்தான். இன்றும் பெரிய சந்தை கூடுகிறது. வீடுகளில் இனிப்பு மாவை விதவிதமான உருவமாகப் பொரித்து மாலையாகக் கோத்துப் பிள்ளைகள் கழுத்தில் போட்டுக்கொண்டு, "காலே கௌவா" என்று காக்காயைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கனுப்பிடி வைக்கும் வீட்டில் வளர்ந்தவர்கள் அதைப் பார்த்தால் அப்படியே நின்றுவிடுவார்கள். பொங்கல் விடுமுறையில் போக முடிந்தால் போங்கள், குளிருக்குத் தயாராக.

மூன்றாம் பகல்: ருத்ரதாரி

சோமேஸ்வர் சாலையில் கொஞ்ச தூரம் போய், வயல்களுக்கும் பைன் காட்டுக்கும் இடையே ஒற்றையடிப் பாதையில் நடந்தால் ஒரு சிறு அருவி, பக்கத்தில் சிவன் கோயில். குற்றாலத்தை எதிர்பார்க்காதீர்கள். இங்கே அருவியைவிட நடைதான் சுகம். நல்ல பிடிமானமுள்ள ஷூ போடுங்கள், காய்ந்த பைன் ஊசிகள் எண்ணெய்போல வழுக்கும். கிராமத்திலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, நாலு மணிக்குள் திரும்பிவிடுங்கள். சிறுத்தை நடமாடும் காடு, இருட்டியபின் ஊர்க்காரர்களே தனியாக நடப்பதில்லை.

சாப்பாடு

விடுதி மெனுவில் பனீரைத் தள்ளிவிட்டு, "பஹாடி கானா", அதாவது மலைநாட்டுச் சாப்பாடு, வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவையுங்கள். அவர்களுக்கு நேரம் வேண்டும். மண்டுவா ரொட்டி வரும், அது நம் கேழ்வரகு. கஹத் பருப்பு, அது கொள்ளு. ஜங்கோரா பாயசம், அது குதிரைவாலி. கறுப்பு சோயாவில் செய்யும் பட் கி சுட்கானி, உருளைக்கிழங்கு குட்கே, கஞ்சாச் செடியின் விதையில் அரைத்த பாங் சட்னி. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அந்த விதையில் போதை கிடையாது. சமையல்காரரை "தாஜ்யூ" என்று கூப்பிட்டுப் பாருங்கள், குமாவோனியில் அண்ணன் என்று அர்த்தம். ரொட்டி மேல் விழும் நெய் கூடும்.

இறங்கும் வழியில்

விடியலைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, ஏழரைக்குள் கிளம்புங்கள். அல்மோராவுக்கு முன்பே, கோசி என்ற இடத்தின் அருகே, கட்டார்மல் சூரியன் கோயிலுக்கு விலகிப் போகலாம். இதுவும் கத்யூரிகள் கட்டியது. பெரிய கோயிலைச் சுற்றி நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு கோயில்கள். கடைசிப் பகுதி ஏற்றம், நடந்துதான் போக வேண்டும். இதன் செதுக்கு மரக்கதவுகள் இப்போது தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஊர் திரும்பும் முன் தில்லியில் அரைநாள் இருந்தால் போய்ப் பாருங்கள்.

அல்மோராவில் லாலா பஜாரில் இறங்கி பால் மிட்டாய் வாங்குங்கள். பழுப்பாகச் சுண்டக் காய்ச்சிய பால்கோவா மேல் வெள்ளைச் சர்க்கரை மணிகள் ஒட்டியிருக்கும், சில நாட்கள் தாங்கும். மாலு இலையில் கூம்பாகச் சுற்றித் தரும் சிங்கோடியை மட்டும் பார்சல் கட்டாதீர்கள். அதை அங்கேயே நின்று, இலை மணத்தோடு சாப்பிட்டுவிட்டு வண்டியேறுங்கள். கைஞ்சி நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டாலும், காட்கோதாமில் இரவு ரயிலுக்கு முன் தாராளமாக நேரம் இருக்கும்.